சொரிமுத்து பார்க்காத மேகம்

தச்சநல்லூரில் உச்சி வெயில் ஏறியதும் மனுஷனாகப் பிறந்தவன் செய்கிற காரியம் ஒன்றுதான். சாப்பிட்டுவிட்டு ஃபேனுக்கு அடியில் கட்டையைச் சாய்ப்பான். கடைகளின் ஷட்டர் பாதிக்கு இறங்கிவிடும். நாய்கள்கூட லாரிக்கு அடியில் நிழல் பார்த்து ஒதுங்கிவிடும். அந்த நேரம் பார்த்து ஒருவன் மட்டும் தலையில் ஈரத்துண்டும் முதுகில் கேமராப் பையுமாக, ஸ்டாண்டை பைக்கில் குறுக்கே கட்டிக்கொண்டு ஆற்றங்கரைப் பக்கம் கிளம்புவான். கல்யாணப் படம் எடுக்கிற ஸ்டூடியோக்காரன் சொரிமுத்துதான் அது. படம் எடுக்க இதுவா நேரம், சாயங்காலப் பொன்வெயிலில் எடுத்தால் என்ன என்று அவனைக் கேட்காத ஆள் இல்லை. பதில் சொல்லிச் சொல்லி வாய் வலித்துப்போய், இப்போதெல்லாம் சிரித்துக்கொண்டே வண்டியை முறுக்கிவிடுகிறான்.

அவனுக்குப் பதிலாக நாம் சொல்லிவிடலாம். நம் கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம் ஒன்று இருக்கிறது. அகச்சிவப்பு என்று பள்ளிக்கூடப் பாடத்தில் ஒரு வரி வரும். பரீட்சையில் கேட்கமாட்டார்கள் என்பதால் நாம் எல்லாரும் தாண்டிப் போயிருப்போம். கேமராவுக்கு அந்த வெளிச்சம் தெரியும். தெரிந்தால் சாதாரணப் படம் கெட்டுப்போகும் என்பதால், கம்பெனிக்காரன் உள்ளே ஒரு சின்னக் கண்ணாடியை வைத்து அதைத் தடுத்துத்தான் அனுப்புகிறான். சொரிமுத்து தன் பழைய கேமரா ஒன்றைச் சமையலறை மேடையில் வைத்துப் பிரித்து, அந்தக் கண்ணாடியைக் கழற்றி எறிந்துவிட்டு, நாம் பார்க்கிற வெளிச்சத்தைத் தடுத்து பார்க்காததை மட்டும் உள்ளே விடுகிற கறுப்புக் கண்ணாடியை வைத்து மூடினான். மூடிய பிறகு ஒரு திருகாணி மிச்சம் இருந்தது. "இது எங்கன உள்ளது?" என்று கேட்டாள் மனைவி முத்துராணி. "அது சும்மா போட்டிருப்பான்" என்றான். கேமரா அதற்கப்புறமும் வேலை செய்ததுதான் ஆச்சரியம்.

அந்தக் கேமராவில் எடுத்தால் உலகம் தலைகீழ். உயிருள்ள பச்சை இலை எல்லாம் வெள்ளை வெளேர் என்று வரும். முறப்பநாட்டு வாழைத் தோட்டம் தேங்காய்ப்பூவைத் தூவியதுபோல் நிற்கும். தாமிரபரணி மைக்கறுப்பாக ஓடும். நீல வானம் இருண்டுவிடும். அந்த இருட்டின் மேல் மேகம் மட்டும் பொங்கிக்கொண்டு எழும்பும். வெயில் எவ்வளவு மோசமோ படம் அவ்வளவு நன்றாக வரும். ஆனால் மேகம் வேண்டும். மேகம் இல்லாத வானத்தைச் சொரிமுத்து வானம் என்றே சேர்த்துக்கொள்வதில்லை.

எடுத்துக்கொண்டு வருவதோடு அவன் வேலை முடிந்தது. அதைப் படமாக்குவது முத்துராணி. ஸ்டூடியோவில் ஆல்பம் வடிவமைப்பது அவள்தான். கேமராவிலிருந்து கம்ப்யூட்டருக்கு வரும்போது எல்லாம் செங்கல் சூளைக்குள் எட்டிப்பார்த்ததுபோல் ஒரே சிவப்பாக இருக்கும். புல்லைக் காட்டி "இதுதான் வெள்ளை" என்று கம்ப்யூட்டருக்கு முதலில் சொல்லவேண்டும். பிறகு சிவப்பு இருக்கும் இடத்தில் நீலத்தையும் நீலம் இருக்கும் இடத்தில் சிவப்பையும் மாற்றிப்போட்டால் வானம் நீலமாகி, இலைகள் பாலாடை நிறத்தில் வந்து நிற்கும். முத்துராணிக்கு அப்படித்தான் பிடிக்கும். சொரிமுத்துவுக்கோ நிறத்தை எல்லாம் உருவி எறிந்துவிட்டுக் கறுப்பு வெள்ளையில் பார்க்கவேண்டும்.

"நல்லா இருந்த வானத்தைக் கரிச்சட்டி அடி மாதிரி ஆக்கச் சொல்லுதீங்களே" என்பாள்.

"இன்னும் கொஞ்சம் கரிய ஏத்து" என்பான் அவன்.

இந்த மேகப் பைத்தியத்தால் அவனுக்கு ஒரு பெரிய நஷ்டம். கூடப் பிறந்த அக்காவின் பேச்சு நின்றுபோனது.

அக்கா சுடலைவடிவு நாங்குநேரியில் வாக்கப்பட்டவள். அவள் மகள் பொன்செல்வி பெரியவளானபோது சடங்கு வைத்தார்கள். தலைக்குத் தண்ணீர் ஊற்றியதும் பெண் உடுத்தவேண்டியது தாய்மாமன் கொண்டுவரும் சேலையை. முத்துராணி சீர்த்தட்டுகளோடு வேனில் முன்னால் போய்விட்டாள். சேலையைத் தன் கையால்தான் கொடுக்கவேண்டும் என்று ஆசைப்பட்டுச் சொரிமுத்து அதை கேமராப் பைக்குள்ளேயே வைத்துக்கொண்டு பைக்கில் வந்தான். மூன்றடைப்புப் பக்கம் வரும்போது மேற்கே ஒரு மேகம் கிளம்பியது. ஐந்தே நிமிஷம் என்று வண்டியை ஓரம் கட்டினான். அவனுடைய ஐந்து நிமிஷம் எவ்வளவு நீளம் என்பது ஊருக்கே தெரியும். அவன் போய்ச் சேர்ந்தபோது நல்ல நேரம் முடிந்திருந்தது. பொன்செல்வி ஈரப் பாவாடையோடு உட்கார்ந்து தும்மிக்கொண்டிருந்தாள். சுடலைவடிவு அவன் முகத்தைப் பார்க்காமல் சேலையை மட்டும் வாங்கிக்கொண்டு உள்ளே போனாள்.

அன்றைக்கு எடுத்த படம் அருமையாக வந்திருந்தது. அதை அவன் ஒருநாளும் பிரிண்ட் போட்டதில்லை.

அதற்குப் பிறகு அக்கா அவனோடு நேராகப் பேசவில்லை. நல்லது கெட்டதில் சந்தித்தால், அவன் எதிரிலேயே நின்றுகொண்டு சுவரைப் பார்த்து, "காப்பி வேணுமான்னு அவன்ட்ட கேளு முத்துராணி" என்பாள். அவனும் "வேணும்னு சொல்லு" என்பான். பத்து வருஷத்துக்கு மேல் இப்படியே ஓடியது. வெளியே சிரித்துக்கொண்டு திரிந்தாலும் சொரிமுத்துவுக்கு இது ஆறாத புண். தாய் தகப்பன் போன பிறகு அவனுக்கென்று இருந்தது அந்த ஒரு அக்காதான்.

பொன்செல்விக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. ஐப்பசியில் முகூர்த்தம். அக்காவும் அத்தான் இசக்கிதுரையும் தட்டில் பத்திரிகை, வெற்றிலை பாக்கு வைத்துக்கொண்டு ஸ்டூடியோ வாசலில் வந்து நின்றார்கள். அத்தான் தட்டை நீட்டினார். அக்கா சுவரைப் பார்க்காமல் அவனையே பார்த்தாள்.

"ஏலே சொரிமுத்து."

அந்த ஒரு கூப்பிடலில் அவனுக்குக் கண் கலங்கிவிட்டது.

"நீதான் பொண்ண மணவறைக்குக் கூட்டிட்டு வரணும். பட்டம் கட்டணும். அந்தப் பேய்க் கேமரா என் கண்ணுல படப்பிடாது. அதோட, தாலி கட்டி சாப்பாட்டுப் பந்தி முடியுத வரைக்கும் நீ வானத்தப் பாக்கப்பிடாது. அன்னைக்கு ஒரு நாள் மாமனா இரு, போதும்."

"சரிக்கா."

"பாத்தேன்னு தெரிஞ்சுது, அதுக்கப்புறம் நீ யாரோ நான் யாரோ."

"சத்தியமாக்கா" என்று வெற்றிலைத் தட்டில் அடித்துச் சொன்னான். முத்துராணி உள்ளே போய்ச் சிரித்துக்கொண்டாள். இவராவது, வானத்தைப் பார்க்காமல் இருப்பதாவது!

படம் எடுக்கிற வேலையைப் புன்னக்காயல் கிங்ஸ்லியிடம் ஒப்படைத்தான். அதே தொழில், பல வருஷச் சிநேகிதன். மீன்பிடிக்க வள்ளத்தில் போகாத வீட்டுப் பிள்ளை என்று ஊரில் கிண்டலடித்தாலும் கல்யாணப் படத்தில் கெட்டிக்காரன்.

தாமதம் என்ற பேச்சே வரக்கூடாதென்று சொரிமுத்து முந்தின நாளே மனைவியோடும் சீர்வரிசையோடும் நாங்குநேரியில் போய் இறங்கிவிட்டான். மாலையில் கிங்ஸ்லியிடமிருந்து போன் வந்தது. அவனுடைய இரண்டாவது கேமராவில் ஷட்டர் மாட்டிக்கொண்டதாம்.

"அண்ணாச்சி, உங்க ஸ்டூடியோவுல ஒண்ணு கிடைக்குமா?"

"பக்கத்துக் கடையில சாவி இருக்கு, தொறந்துக்கிடும் வே. அலமாரில ஒரே மாதிரி ரெண்டு இருக்கும். சிவப்பா ஸ்டிக்கர் பொட்டு ஒட்டினது பேய். அதத் தொட்டுராதேயும். பொட்டு இல்லாதத எடுத்துக்கிடும்."

தெளிவாகத்தான் சொன்னான். இதில் தப்பு வர வழியே இல்லை. ஆனால் ஆயுத பூஜை வந்துபோயிருந்ததை அவன் யோசிக்கவில்லை. பூஜைக்கு முத்துராணி கம்ப்யூட்டர், கத்தரிக்கோல், கேமரா, குடை விளக்கு என்று ஒன்று விடாமல் சந்தனம் குங்குமம் வைத்தாள். முடிந்ததும் ஈரத்துணியால் ஒன்று விடாமல் துடைத்தாள். சந்தனத்தோடு பேயின் ஸ்டிக்கர் பொட்டும் போய்விட்டது. கிங்ஸ்லி அலமாரியைத் திறந்து பார்த்தான். இரண்டிலும் பொட்டு இல்லை. பேயை அண்ணாச்சி வேறு எங்கோ வைத்திருக்கிறார் போல என்று நினைத்து, கைக்கு முதலில் வந்ததை எடுத்துக்கொண்டு போனான்.

கல்யாணத்தன்று சொரிமுத்துவைப் பார்த்தவர்கள் அசந்துபோனார்கள். பட்டு வேட்டி, தோளில் துண்டு, நெற்றியில் சந்தனம். பொன்செல்வியின் கையைப் பிடித்து மணவறைக்குக் கூட்டிவந்தான். நெற்றியில் பட்டம் கட்டும்போது, "மாமா, உங்க கை நடுங்குது" என்று அவள் கிசுகிசுத்தாள். "கேமரா இல்லாம கைக்குப் பிடிமானம் இல்லம்மா" என்றான். தாலி ஏறியது. அக்கா தூரத்திலிருந்து அவனைக் கவனித்துக்கொண்டே இருந்தாள்.

வானமும் அன்றைக்கென்று பார்த்துத்தான் விளையாட்டுக் காட்டவேண்டுமா? பதினொரு மணிக்கே மகேந்திரகிரி மேல் மேகம் கட்ட ஆரம்பித்தது. மண்டபத்துக்கு வெளியே போய்வந்த ஒவ்வொருவனும் அவனிடம் வந்து செய்தி வாசித்தான்.

"அண்ணாச்சி, மேக்க பாத்தீரா? என்னமா நிக்கி!"

"பாக்கல வே."

சாப்பாட்டுப் பந்தியில் சுவரைப் பார்த்து உட்கார்ந்தான். ஜன்னல் இருந்த பக்கம் துண்டைப் போட்டு மறைத்துக்கொண்டு சாம்பாருக்குள் கத்தரிக்காயைத் தேடினான். அத்தானே வந்து தோளைத் தொட்டு, "மாப்ளே, ஒரு ஓரமா எட்டிப் பாத்துக்கோ, நான் அக்காட்ட சொல்ல மாட்டேன்" என்றார். சோதனை என்றால் இதுதான் சோதனை. "வேண்டாம் அத்தான், பாயசத்த இங்கன தள்ளுங்க" என்றான் சொரிமுத்து.

பாதிப் பேர் சாப்பிட்டு எழுந்ததும் குடும்பத்தோடு ஒரு படம் எடுக்கவேண்டும் என்றாள் சுடலைவடிவு. மண்டபத்துக்குப் பின்னால் பெரியகுளத்துக் கரையில் எல்லாரையும் நிறுத்தினான் கிங்ஸ்லி. குளமும் மலையும் பின்னால் வந்தால்தான் எடுப்பாக இருக்கும் என்பது அவன் கணக்கு. இத்தனை பேரை அடக்க அகல லென்ஸ் வேண்டும். அது மாட்டியிருந்தது அலமாரியிலிருந்து வந்த கேமராவில். காலையில் மண்டபத்துக்குள் அதில் ஒன்றிரண்டு எடுத்துப் பார்த்தபோது இருட்டாக வந்தது. பழைய கேமரா, உள்ளே வெளிச்சம் போதவில்லை என்று ஒதுக்கி வைத்திருந்தான். வெளியே வெயிலில் திரையில் கறுப்பு வெள்ளையாகக் காட்டியது. அண்ணாச்சி ஏதோ கறுப்பு வெள்ளை மோடில் விட்டிருக்கிறார், கம்ப்யூட்டரில் போட்டால் நிறம் வந்துவிடும் என்று விட்டுவிட்டான். இத்தனைக்கும் சந்தேகமே வரவில்லை என்றால், கல்யாண வீட்டு அவசரம் அப்படிப்பட்டது.

அக்கா சொரிமுத்துவின் கையைப் பிடித்து இழுத்துத் தன் பக்கத்தில் நிறுத்திக்கொண்டாள். படமெடுக்கிறவன் படத்தில் வருவது அபூர்வம். கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் அவன் விறைத்து நின்றான்.

"எல்லாரும் இங்கன பாருங்க. ஒண்ணு, ரெண்டு..."

மூன்று சொல்வதற்குள் முதுகுக்குப் பின்னால் இடி முழங்கியது. இடி உருண்டு முடிவதற்குள் கிங்ஸ்லியின் விரல் தானாக அழுத்திவிட்டது. அடுத்த நொடி காற்று தூக்கிக்கொண்டு வந்த பெரிய பெரிய துளிகள் விழுந்தன. பெண்கள் சேலையைப் பிடித்துக்கொண்டு மண்டபத்துக்கு ஓடினார்கள். அந்த ஒரு படத்தோடு சரி.

மூன்றாம் நாள் காலை கிங்ஸ்லி படங்களை எல்லாம் எடுத்துக்கொண்டு தச்சநல்லூருக்கு வந்தான். முத்துராணி ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டே வந்தவள், குளத்துக்கரைப் படத்தில் நின்றுவிட்டாள். திரை முழுக்கச் செங்கல் சிவப்பு.

"இந்தாருங்க. இது உங்க பேய்லா?"

கிங்ஸ்லி தலையில் கைவைத்துக்கொண்டு, "ரெண்டுலயும் பொட்டு இல்ல அண்ணாச்சி. நீங்க பொட்டு இல்லாததத்தான எடுக்கச் சொன்னீங்க" என்று தரையில் உட்கார்ந்தான். முத்துராணி தன் ஈரத்துணியை நினைத்து நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

சிவப்பை உருவியதும் படம் எழும்பி வந்தது. அது எழும்பிய விதத்தில் மூன்று பேரும் திரையை விட்டு ஒரு அடி பின்வாங்கினார்கள். பொன்செல்வியின் அரக்கு நிற முகூர்த்தப் பட்டு வெள்ளை. அக்காவின் சிவப்புப் பட்டு வெள்ளை. ஒரு பெண்ணின் நெற்றியிலும் குங்குமம் இல்லை. சாயமும் குங்குமமும் நம் கண்ணுக்குத்தான் நிறம். பேய்க்கு அவை கண்ணாடி மாதிரி. தாலி கட்டின அன்றைக்கு, கல்யாணப் பெண்ணும் அவள் அம்மாவும் வெள்ளைச் சேலையில், வெறும் நெற்றியோடு! எங்கள் மாதா கோயில் கல்யாணத்தில் வெள்ளைதான் நல்லது என்று கிங்ஸ்லி சொல்லிப் பார்த்தான். அவனுக்கே அந்தச் சமாதானம் போதவில்லை.

"நான் கேமராவ உள்ள கடத்திட்டேன்னுதான் அக்கா நெனப்பா" என்றான் சொரிமுத்து. "சத்தியம் பண்ணிட்டு ஏமாத்திட்டேன்னு. முடிஞ்சுது வே. இனி அவ சுவத்தப் பாத்துக்கூடப் பேச மாட்டா."

"அழிச்சிருவோம் அண்ணாச்சி. கார்டு கெட்டுப்போச்சுன்னு நான் சொல்லுதேன்."

சொரிமுத்து மவுஸைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். குடும்பம் முழுசும் நிற்கிற ஒரே படம் அது. அழிப்பது ஒரு விரல் வேலை. "வேண்டாம். ஏற்கெனவே ஒரு தடவ ஏமாத்தினது போதும்" என்றான் கடைசியில்.

"அப்பம் நான் நிறம் பூசுதேன்" என்று முத்துராணி நாற்காலியை இழுத்துப் போட்டாள். பொன்செல்வியின் சேலைக்கு அரக்குச் சிவப்பு ஏற்றினாள். நெற்றிக்குப் பொட்டு வைத்தாள். அடுத்து அக்காவிடம் போவதற்குள் வாசலில் ஆட்டோ வந்து நின்றது. சுடலைவடிவும் இசக்கிதுரையும் படம் பார்க்க வந்துவிட்டார்கள். திரையை அணைக்க முத்துராணி கையை நீட்டினாள். சொரிமுத்து தடுத்துவிட்டான்.

அக்கா உள்ளே வந்தாள், திரையைப் பார்த்தாள், நின்றாள். வெள்ளைச் சேலையில் வெறும் நெற்றியோடு தான் நிற்பதைக் கண்டதும் அவள் கை தானாகத் தன் பொட்டைத் தொட்டது. பிறகு திரும்பி, புருஷன் பத்திரமாகப் பக்கத்தில் நிற்கிறாரா என்று பார்த்துக்கொண்டாள்.

"அந்தப் பேய்க் கேமராவா?"

"ஆமாக்கா. ஆனா நான் கொண்டு வரல."

கிங்ஸ்லி படபடவென்று ஷட்டர், சாவி, அலமாரி, பொட்டு என்று ஒப்பித்தான். பரிகாரமாக, பிரிண்ட் போட்டு எல்லார் நெற்றியிலும் குங்குமத்தால் தொட்டுவைத்துவிடலாம் என்றும் ஒரு யோசனை சொன்னான்.

"செத்தவங்க படத்துக்கு வைக்கிற மாதிரியா?" என்று அக்கா சீறினாள். கிங்ஸ்லி ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டான்.

இசக்கிதுரை கண்ணாடியை ஏற்றிக்கொண்டு குனிந்து பார்த்தார். "அது யாரு வடிவு, உன் பக்கத்துல நரைமீசைக் கிழவன்?"

அது அவரேதான். மீசைச் சாயமும் பேயிடம் செல்லுபடியாகவில்லை. அவர் மெல்லத் தன் மீசையைத் தடவிக்கொண்டு நிமிர்ந்தார். முத்துராணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

சுடலைவடிவு சிரிக்கவில்லை. திரைக்கு இன்னும் கிட்டே போயிருந்தாள். "என்ன படம்லே இது? ஒருத்தர் மூஞ்சியும் நேரா இல்ல. எல்லாரும் பாதி திரும்பி அண்ணாந்துட்டு நிக்கோம்."

உண்மைதான். இடிச் சத்தத்தில் பொன்செல்வி, மாப்பிள்ளை, அத்தான், அக்கா, மொத்தக் கூட்டமும் கழுத்தைப் பாதி திருப்பி மேகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. மேகமோ கன்னங்கரிய வானத்தில் மலைக்கு மேல் இன்னொரு மலையாக நின்றது. அந்தக் கூட்டத்தின் நடுவில் ஒரே ஒரு முகம்தான் நேராக இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு, கழுத்து நரம்பு புடைக்க, கண்ணை லென்ஸின் மேல் ஆணி அடித்தாற்போல் வைத்திருந்தான் சொரிமுத்து.

அக்கா அந்த முகத்தையே பார்த்தாள்.

"ஏலே. இடி இடிச்சப்பக்கூட நீ திரும்பலியா?"

"நீதானக்கா பாக்கப்பிடாதுன்னு சொன்ன. பந்தி முடியலல்லா."

"அதுக்கப்புறமாவது பாத்தியா?"

"மழ வந்துட்டுதேக்கா. எல்லாம் கலஞ்சு போச்சு."

அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கும்போதே அழுகையும் வந்துவிட்டது. சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு முத்துராணி பக்கம் திரும்பினாள்.

"முத்துராணி, சேலைக்கெல்லாம் நிறத்தப் போடு. எல்லாருக்கும் பொட்டு வை. இவுக மீசை அப்படியே இருக்கட்டும்."

"ஏ வடிவு..." என்றார் இசக்கிதுரை.

"வானத்துல மட்டும் கைய வச்சிராத. அது கரிச்சட்டி மாதிரியே இருக்கட்டும். பெருசாப் போட்டு நடுவீட்டுல மாட்டணும்." பிறகு தம்பியின் தோளைப் பிடித்து முத்துராணியின் நாற்காலியில் உட்கார வைத்தாள். "அன்னைக்குப் பாக்காம விட்டதுல்லா. நல்லாப் பாத்துக்கோ. எவ்வளவு நேரம் வேணும்னாலும் பாரு, நான் ஒண்ணும் சொல்லல."

சொரிமுத்து நிமிர்ந்து, சேலைக் கவலையில் இதுவரை கண்ணில் படாத அந்த மேகத்தை முதல் தடவையாகப் பார்த்தான். கண்ணில் தண்ணீர் நிறைந்து நின்றதால் சரியாகத் தெரியவில்லை. துடைத்துக்கொண்டு மறுபடியும் பார்த்தான். அக்கா ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.